எண்பத்து நாலு கட்டிக் குழம்பு

ஜெயபாரதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு ஞாயிறு என்றால் எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, மத்தியானத் தூக்கம். அவளுக்கோ அன்றைக்குத்தான் அடுப்படியில் திருவிழா. மவுண்ட் ரோடு டெலிபோன் ஆபீஸில் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை. ஒரு வாரம் விடிகாலை டியூட்டி, மறு வாரம் சாயங்கால டியூட்டி. "மதுரை லைன் கிடைச்சாச்சு, பேசுங்க" என்று ஊரையெல்லாம் பேச வைக்கிறவளுக்கு, ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் சொந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவே நேரம் கிடைக்காது. அப்புறம் தினமும் அம்மியும் அரிவாள்மணையுமாக எங்கே உட்காருவது? அதனால் வாரம் முழுவதற்குமான குழம்பை ஞாயிறன்றே ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்.

குழம்பு என்றால் முழுக் குழம்பு அல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளி, அரைத்த மசாலா எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கிய விழுது. அதை ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பாள். கல்லான பிறகு கட்டி கட்டியாகத் தட்டியெடுத்துப் பாலிதீன் பையில் போட்டு, ஃப்ரீஸரிலேயே அடுக்கிவிடுவாள். கணக்கு சுலபம்: ஒரு நாளைக்கு, ஆளுக்கு ஒரு கட்டி. வெந்நீர் ஊற்றிக் கொதிக்க விட்டு இறக்கினால் இரண்டு வேளைக்கும் குழம்பு தயார். ஃப்ரிட்ஜ் என்னமோ பழசுதான். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி வீட்டில் வாங்கியது. "தெருவிலேயே ஐஸைப் பார்க்காத ஐஸ் தட்டு எங்க வீட்டுலதான் இருக்கு" என்று அவள் புருஷன் ஜவஹர் கேலி செய்வார். ஆனால் சைதாப்பேட்டை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தன்னோடு வேலை பார்க்கிற கிளார்க்குகளிடம் இதையே மணிக்கணக்கில் பெருமையடித்துக்கொள்வார். மனுஷர் தங்கமானவர். ஒரே குறை, நாற்பத்தொரு வயது வரை அடுப்புக்கு முதுகைக் காட்டியே வாழ்ந்துவிட்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஜெயபாரதிக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பதினோரு வருஷமாகக் காத்திருந்த சூப்பர்வைசர் பதவி. ஆனால் அதற்கு ஹைதராபாத்தில் மூன்று வாரப் பயிற்சி. ஒரு நாள் குறைந்தாலும் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "போகலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"போகலாமாவா? போகாம?" என்றார் ஜவஹர்.

விஷயம் அவருடைய அக்கா பேச்சியம்மாள் காதுக்குப் போனது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சைதாப்பேட்டையில் குடியிருக்கிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்று சாயங்காலமே வந்து நின்றாள்.

"ஏலே ஜவஹரு, பொம்பளை மூணு வாரம் வீட்டுல இல்லன்னா பிள்ளைய மூணும் என்னத்தைத் திங்கும்? ஓட்டல் சோறா?"

"மூணு வாரத்துக்கும் குழம்பு வச்சுட்டுப் போறேன் மதினி" என்றாள் ஜெயபாரதி.

"சவத்தைப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி குழம்பைப் பெட்டிக்குள்ள வைப்பாளாம்! சரிட்டி, போ. ஆனா ஒண்ணு. பிள்ளைய ஒரு வேளை பட்டினி கிடந்துதுன்னு கேள்விப்பட்டேன், மூணு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் நீ வேலைக்குப் போற பேச்சே இந்த வீட்டுல கிடையாது."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். சொன்னால் செய்கிற ஆள். ஜவஹருக்கு அக்காவென்றால் சின்ன வயதிலிருந்தே தொடை நடுங்கும்.

ஜெயபாரதி இரண்டு ஞாயிறு வதக்கினாள். வாணலி அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. வத்தக்குழம்பு, பூண்டுக் குழம்பு, தேங்காய் அரைத்த மொச்சைக் குழம்பு, கறி மசாலா. இருபத்தொரு நாள், நாலு ஆள், எண்பத்து நாலு கட்டி. ஒரு பைக்கு நாலு கட்டியாக இருபத்தொரு பை. எந்தப் பை எந்த நாளுக்கு என்று தெரிய வேண்டுமே? சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் மே ஆறு முதல் இருபத்தாறு வரைக்கும் தாள்களைக் கிழித்து, பைக்கு ஒன்றாகக் கட்டிவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன தேதி, எப்போது ராகு காலம் என்று தெரிய வேண்டுமானால் ஃப்ரீஸரைத் திறந்தால்தான் உண்டு! சோறு வடிக்கப் பன்னிரண்டு வயது மூத்தவள் விஜயலக்ஷ்மிக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது, "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், பையைத் திறந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் ராஜபோகம். நாலாம் நாள், புதன்கிழமை காலை, ஜவஹர் சமையலறைக்குள் கால் வைத்தார். வழுக்கியது. தரையெல்லாம் செம்பழுப்பாக எண்ணெய்த் தண்ணீர். ஃப்ரிட்ஜ் மூச்சே விடவில்லை. கதவைத் திறந்தால், ஐயோ, மே பதினேழும் மே இருபத்து நாலும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

மெக்கானிக் கரீமுல்லாவைச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்தார். அவர் பின்பக்கத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மோட்டார் பூட்ச்சு சார். வோல்டேஜ் எறங்கி சுத்தமா எரிஞ்சு கீது."

"எப்பப்பா சரியாகும்?"

"சாமான் பம்பாய்லேர்ந்து வரணும் நைனா. ஒரு மாசம்னு வச்சுக்கோயேன்."

அவ்வளவுதான். ஜவஹருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. எழுபத்திரண்டு கட்டி மிச்சம், பதினெட்டு நாள் மிச்சம், அக்கா எந்த நிமிஷமும் வந்து நிற்பாள். என்ன செய்வார்? கால் தானாக மயிலாப்பூர் தபாலாபீஸுக்குப் போனது. தந்தி ஃபாரம் வாங்கி, ஹைதராபாத் ஹாஸ்டல் விலாசம் எழுதி, கீழே "உடனே புறப்படு" என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார்.

கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "யாருக்கு சார் உடம்பு சரியில்லே?"

"யாருக்கும் இல்லையே."

"அப்ப காரணத்தைப் போடுங்க சார். வெறுமனே புறப்படுன்னு அடிச்சா, யாரோ செத்துட்டாங்கன்னு அந்தம்மா வழியெல்லாம் அழுதுகிட்டு வருவாங்க."

நியாயம்தானே! ஃபாரத்தைத் திரும்ப வாங்கினார் ஜவஹர். "ஃப்ரிட்ஜ் ரிப்பேர்" என்று எழுதினார், அடித்தார். "குழம்பு உருகிவிட்டது" என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். காரணம் சரியில்லாத மனுவை அவரே கோர்ட்டில் எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பதினோரு வருஷம் காத்திருந்த ஒருத்தியைக் குழம்பு உருகியதற்காக ரயிலேற்றிக் கூப்பிடுவதா? கையும் காலும் நன்றாக இருக்கிற ஆம்பிளை, ஒரு வாணலியைத் தூக்கி அடுப்பில் வைக்கத் துப்பில்லாமல்? வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. ஃபாரத்தைச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். கோர்ட்டுக்கு அன்று லீவு போட்டார்.

அவருக்குத் தெரிந்த சமையல் சாஸ்திரம் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் வீட்டில் மிஞ்சிய குழம்பை மறுநாளும் அதற்கு மறுநாளும் சுண்டக் காய்ச்சுவார்கள். ஏற ஏற ருசி. அப்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் ஏது? சுண்ட வைத்தால் கெடாது என்பது மட்டும் நினைவிருந்தது. ஒவ்வொரு பையாக முகர்ந்து பார்த்தார். தேங்காய் அரைத்தது தாங்காது என்று விஜயலக்ஷ்மி சொன்னாள். கறி மசாலாவையும் மொச்சைக் குழம்பையும் அன்றைக்கே கொதிக்க வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். புளிக் குழம்பு வகையெல்லாம் பெரிய வாணலிக்குப் போயிற்று. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக ஸ்டவ் முன்னால் நின்றார்.

பக்கத்து வீட்டு நஸ்ருன்னிசா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் ஹபீபுர் ரஹ்மான் தோல் வியாபாரி. அந்த வரிசையில் டெலிபோன் உள்ள ஒரே வீடு அவர்களுடையதுதான்.

"இன்னா சார் இது, தெருமுனை வரிக்கும் வாசனை தூக்குது?"

"ஒண்ணுமில்லம்மா, ஃப்ரிட்ஜ் போயிடுச்சு. ஜெயாவுக்குத் தெரிய வேண்டாம், பாவம், படிப்பு கெட்டுடும்."

"நான் இன்னாத்துக்கு சார் சொல்லப் போறேன்?" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

காலையில் ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. ஒரு வாரம் தாங்கியது. பிள்ளைகள் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வாணலி காலி. இனி சொந்தக் கையால் வைத்தாக வேண்டும். முதல் முயற்சி அடிப்பிடித்துக் கரியானது. இரண்டாவதை வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை புளிப்பு. நடுப்பிள்ளை, "அப்பா, இன்னைக்கு மோர் சோறு போதும்ப்பா" என்று நாசூக்காகச் சொன்னது. விடவில்லையே மனுஷர்! வீட்டுக்காரி எதை வதக்கினாள், எது எவ்வளவு என்று நாக்கிலேயே தேடிப் பார்த்து, இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க நின்று, ஒரு வாரத்துக்கு வேண்டிய பூண்டுக் குழம்பை வதக்கி இறக்கினார். விஜயலக்ஷ்மி ஒரு வாய் ருசி பார்த்தாள். இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொண்டாள். வக்கீல்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்திருந்தால்கூட ஜவஹருக்கு அத்தனை கர்வம் வந்திருக்காது.

இதற்கு நடுவில் பேச்சியம்மாள் மூன்று தடவை சோதனைக்கு வந்தாள். ஒரு தடவை, மே மாத வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, "ஏலே, அந்தப் பெட்டியிலருந்து ஜில்லுனு ஒரு செம்பு தண்ணி கொடுலே" என்றாள்.

ஜவஹர் ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "வேண்டாம்க்கா, உனக்குத் தொண்டை கட்டிக்கும்."

"என் தொண்டை மேல இவனுக்கு என்னைக்குல வந்தது இந்த அக்கறை?" என்று முணுமுணுத்துவிட்டுப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். ஹைதராபாத்துக்கு ஜவஹர் எழுதிய கடிதங்களிலும் இதே கதைதான்: "நீ வைத்துப்போன பைகள் எல்லாம் சௌக்கியம்." "மிக்க சந்தோஷம்" என்று அவளும் பதில் எழுதினாள்.

மே இருபத்தேழு, ஞாயிறு காலை ஜெயபாரதி வந்து இறங்கினாள். பயிற்சிக்கு வந்த முப்பது பேரில் இரண்டாவதாகத் தேறியிருந்தாள். பிள்ளைகள் அவளை விட்டு நகரவில்லை. பேச்சியம்மாளும் வந்துவிட்டாள். அடுப்படிக்குப் போகப் புறப்பட்டவளை ஜவஹர் தடுத்து, "நீ உட்காரு. சோறு நான் போடறேன்" என்றார். எல்லோருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டு, பூண்டுக் குழம்பை ஊற்றினார்.

பேச்சியம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏட்டி ஜெயா, நான் அன்னைக்குச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிடுதேன். மூணு வாரத்துக் குழம்பு இப்ப இறக்கின மாதிரில்லா இருக்கு! உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். இனிமே நீ எந்த ஊருக்கு வேணும்னாலும் போயிட்டு வா, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஜவஹருக்கு மனசு நிறைந்துவிட்டது. அது போதும் அவருக்கு. யார் வைத்த குழம்பாக இருந்தால் என்ன, அக்கா வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்துவிட்டதே. அக்காவுக்கு இன்னும் குழம்பு ஊற்றக் கரண்டியை எடுத்தார்.

"காப்பை உங்க தம்பி கையில போடுங்க மதினி" என்றாள் ஜெயபாரதி. "நான் வச்சுட்டுப் போனது மூணு நாளைக்குத்தான் ஃப்ரிட்ஜுல இருந்துச்சு. அதைச் சுண்ட வச்சுக் காப்பாத்தினதும் அவர்தான், இந்தக் குழம்பை வச்சதும் அவர்தான்."

ஜவஹர் கையில் கரண்டி நடுவிலேயே நின்றது. "உனக்கு எப்படி..."

"நான் டெலிபோன்காரிங்க. தினம் சாயங்காலம் ஹைதராபாத் ஆபரேட்டர் பொண்ணு நஸ்ருன்னிசா வீட்டுக்கு லைன் போட்டுக் குடுத்திடுவா. நீங்க எத்தனை தடவை கிளறுனீங்கன்னுகூட எனக்குத் தெரியும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"புதன்கிழமை கேட்டதும் பெட்டியைக் கட்டி வச்சுட்டேன். தந்தி வரும், வரும்னு ரெண்டு நாள் ஹாஸ்டல் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். வந்திருந்தா கிளம்பி வந்திருப்பேன். வந்து சமைச்சும் போட்டிருப்பேன். ஆனா ஆயுசுக்கும் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேங்க."

ஜவஹர் கரண்டியைக் கீழே வைத்தார். பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஃபாரம் எழுதிக் கவுண்டர்ல நீட்டுற வரைக்கும் போயிட்டேன் ஜெயா" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய் தெறித்த பனியன், புறங்கையில் இரண்டு சூட்டுத் தழும்பு.

"அனுப்பலேல்ல?" என்றாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில், அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட இன்னொருவர் நின்று பரிமாறியது அன்றுதான்.