இரண்டு விரல் தள்ளி

இருதயப் பிரிவில் அவரை ஒட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக நோயாளிகளின் நெஞ்சிலும் முதுகிலும் துடிப்பை அளக்கும் மின்பட்டைகளை ஒட்டுவது அவர் வேலை. கேலிக்கு வைத்த பேர்தான், ஆனால் அம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். இதயத்துக்குள் விட்ட கம்பி பதிவு செய்யும் துடிப்பை வைத்து, மேல்தோலில் எங்கே எவ்வளவு மின்னழுத்தம் தெரிய வேண்டும் என்று கணினி கணக்குப் போடும். பட்டைகள் காட்டும் அளவோடு அது ஒத்துப்போனால்தான் டாக்டர் கணினி வரையும் இதயப் படத்தை நம்பி, கோளாறான இடத்தை அந்தக் கம்பியாலேயே சுட்டுச் சரிசெய்வார்.

அன்று படுத்திருந்தவர் பேருந்து ஓட்டுநர், நல்ல கனத்த உடம்பு. துடிப்பு சரியாகாவிட்டால் இனி வண்டியைத் தொட விடமாட்டார்கள். ஆனால் கணக்குக்கும் பட்டைகள் காட்டிய அளவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

"என் கணக்குலதான் ஏதோ கோளாறு டாக்டர்," என்றார் அந்தக் கணக்கை எழுதிய பொறியாளர். எல்லோருக்கும் அவர் கணக்கு சார்.

"அப்போ இன்னைக்கு நிறுத்திடலாம்," என்றார் டாக்டர்.

அம்மாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஓட்டுநரை உட்காரவைத்துப் பட்டைகளின் இடத்தை அளந்தவர், படுத்த பிறகு மறுபடி அளக்கவில்லை. படுத்தால் தோல் சரியும், பட்டையும் கூடவே போகும். தெரியாதா என்ன? அவசரத்தில் விட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டால் பழி கணக்கு சாரோடு போய்விடும். அம்மாவுடையதோ இந்த மாதம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை.

"டாக்டர், தப்பு என்னோடது. உக்காந்தப்போ அளந்தது. இப்போ ரெண்டு விரல் மேல ஏறியிருக்கும்."

அதைக் கேட்டு ஓட்டுநர், "இந்த உடம்ப நான் கொஞ்சம் கொறச்சிருக்கணும்மா," என்றார்.

டாக்டர் படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். அதில் பட்டைகள் தெரிந்தன. அம்மா புது இடங்களைச் சொல்லச் சொல்ல, கணக்கு சார் திருத்தினார். கணக்கும் பட்டைகள் காட்டிய அளவும் ஒத்துப்போயின. அரை மணி நேரத்தில் துடிப்பு சீரானது.

மறுநாள், நடந்த பிழை பற்றிய அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் அம்மா அதை வாங்கினார். 'பிழையைக் கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் அம்மாவின் பேரை எழுதியிருந்தார் கணக்கு சார். 'பிழை செய்தவர்' என்ற கட்டத்தை வெறுமனே விட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்திலும் தன் பேரை எழுதினார்.