ஒரு முழம் தள்ளி நின்ற ஜீப்

எங்கள் ஜீப்புக்குப் பெரிய டயர் வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப் அது. கடப்பாக்கம் கரையில் மீனேற்றிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டில் ரயிலுக்குச் சேர்ப்பது என் அப்பாவின் தொழில். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாதி நாள் ஜீப் மணலில் புதைந்து நின்றுவிடும். ஐஸ் உருகும், ரயில் போய்விடும், நைனா வானத்தைப் பார்த்துத் திட்டுவார். ஒருநாள் எங்கிருந்தோ நான்கு தடித்த டயர்களைக் கொண்டுவந்து மாட்டினார். மறுநாளிலிருந்து ஜீப் மணலில் நண்டு மாதிரி ஓடியது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். மீட்டர் பார்ப்பது என் உத்தியோகம். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. புது டயர் வந்தபின் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தேன். சாலையோரக் கற்களை எண்ணினால் பத்துக் கிலோமீட்டர் வரும், மீட்டரில் ஒன்பதுதான் ஏறியிருக்கும். நைனாவிடம் சொன்னேன். "ரோடு சுருங்கிகினு வருது, நமக்கு நல்லதுதானே" என்று சிரித்தார். நான் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒரு காலையில், நானும் முன்சீட்டில் இருக்க, ஊர்முனைத் திருப்பத்தில், தலையில் மீன்கூடையோடு என் அத்தை ரோட்டைக் கடந்தாள். நைனாவின் கூடப்பிறந்த அக்கா. நைனா பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது, ஆனால் அவளை இடித்துவிட்டுத்தான் நின்றது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோனது.

விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போயிற்று. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை, "பேய் மாதிரி வந்தான், என்னால ஒதுங்க முடில" என்றாள். "இருபதுக்கு மேல போவல. அக்காதான் பாக்காம குறுக்க வந்துச்சி" என்றார் நைனா. பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மீட்டர் முள் இருபதில்தான் இருந்தது, நான் பார்த்தேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். நைனா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். தப்பு அத்தையுடையது என்று முடிந்தது. அதற்குப் பிறகு அத்தை எங்களோடு பேசவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்கு இதுதானா மரியாதை என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

பிறகு எஃப்.சி. காட்டும் நாள் வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும், அடுப்பும் எரியாது. நைனா டயரிலிருந்த அளவு நம்பரைச் சேறு பூசி மறைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் சேற்றைச் சுரண்டினார், வண்டிப் புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி சுரண்டினார். நைனாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் நைனாவைக் காப்பாற்றுவதாக நினைத்து முந்திக்கொண்டேன்.

"நல்ல டயரு சார். இத்த மாட்டினதுலேர்ந்து ரோடே சுருங்கிடுச்சி. பத்து கிலோமீட்டர் போனா மீட்டர்ல ஒம்போதுதான் வருது!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "ஏம்பா, பெரிய டயரைப் போட்டா மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். பிரேக்கும் லேட்டாத்தான் பிடிக்கும். தெரியுமா, தெரியாதா?"

"மணல்ல மாட்டிக்குது சார்..."

"வண்டியை எடு."

அவர் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மீட்டரில் இருபது வைத்து வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் நின்ற கம்பத்தருகில் பிரேக் போட வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. நான் ஓரமாக நின்று பார்த்தேன். நைனா கம்பத்தருகில் சரியாகத்தான் மிதித்தார். ஜீப் கிறீச்சிட்டுக் கோட்டைத் தாண்டி நின்றது.

"பழைய டயர்னா கோட்டுக்குள்ளேயே நின்னிருக்கும். மாத்திக்கிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற நைனா, அன்று இறங்கிவந்து குந்தி உட்கார்ந்து, கோட்டுக்கும் டயருக்கும் நடுவே கையை வைத்து அளந்தார். ஒரு முழம். நம்பாதவர்போல் இன்னொரு தடவை அளந்தார். டயர் நம்பர் சேற்றில் மறையாததற்காக வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வழி நெடுக ஜீப்பை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக்குப் போகாமல் அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினார். அத்தை கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து வலை முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நைனா நேராகப் போய் அந்தக் காலடியில் விழுந்தார்.

"அக்கா, தப்பு என்னுதுக்கா. இந்தப் பெரிய டயரு இல்லன்னா ஜீப்பு ஒரு முழம் முன்னாலயே நின்னிருக்கும். உன்ன ஊரு நடுவுல பொய்க்காரி ஆக்கிட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு நைனா கால்ல வுழற? முள்ளு இருபதுலதான் இருந்துச்சி. நான் பாத்தேன்!"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதுவரை நைனா என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு அவரே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"கொழந்தைய இன்னாத்துக்குடா அடிக்கிற? அது கண்ணால பாத்தத சொல்லிச்சி" என்று அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் புரண்டு புரண்டு அழுதேன். புரளும்போதெல்லாம் ஒரு பக்கத்தில் மட்டும் என் பாரம் விழாதபடி மெல்லத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தாள். ஒரு பொய்யும் சொல்லாமல் அடி வாங்கிய ஆத்திரத்தில் இருந்த எனக்கு, அவள் ஏன் அப்படித் தள்ளினாள் என்று அப்போது புரியவில்லை.