சோடியம் பாட்டிலில் ஒரு சிவப்புக் கோடு

கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்ப்பவர்களே, கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடும் ரகம்தானே நீங்களும்? லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருந்த நாலு வருஷமும் எனக்கு நிம்மதி இல்லாமல் செய்தது சோடியம்.

தொட்டால் போதும்

முதல் வகுப்பில் மண்ணெண்ணெயிலிருந்து ஒரு கட்டியை இடுக்கியால் எடுத்து வெட்டிக் காட்டினேன். கத்தி வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. வெட்டிய இடம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. "காத்து பட்டாலே இப்படி. தண்ணி பட்டா தீதான். அதுக்குத்தான் மண்ணெண்ணெயில முக்கி வெச்சிருக்கு" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "உங்கள மாதிரியேதான் மேடம்!"

தொட்டியில் டமார்

சோதனைக்குப் பயறளவு துண்டு போதும். மிச்சத்தை என்னிடம் தர வேண்டும். ஒருத்தன் அதை வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். டமார்! மஞ்சள் தீ, பேசினில் விரிசல், பையனுக்குப் பாதிப் புருவம் காணோம். கண் தப்பியது பெரும் புண்ணியம். அவன் கேட்டான்: "இன்னொரு துண்டு கெடைக்குமா மேடம்?"

கோடு

அதற்கப்புறம் பாட்டிலை எட்டி எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலை. நெயில் பாலிஷால் அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். மண்ணெண்ணெய் அதற்குக் கீழே இறங்கினால் அட்டெண்டர் ஏழுமலைக்கு அர்ச்சனைதான். கனகசெட்டிக்குளத்து மீனவக் குடும்பத்துக்காரர், கடலுக்குப் பயப்படாதவர், என் வாய்க்குப் பயந்தார்.

பிராக்டிகல் எக்ஸாம் அன்று காலையில் லேப்புக்குள் நுழைகிறேன். பாட்டில் திறந்து கிடக்கிறது, சோடியம் பாதி வெளியே தெரிகிறது, ஏழுமலை கையில் ஒரு மக் தண்ணீர். "ஐயையோ, ஊத்தாதீங்க!" நான் போட்ட சத்தத்தில் மக் தரையில் விழுந்தது.

எக்ஸாமினருக்கு டீ போட ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லையாம். பாட்டிலிலிருந்து எடுத்திருக்கிறார். அளவு குறைந்தது எனக்குத் தெரியக் கூடாதென்று கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றப் பார்த்திருக்கிறார். இன்னொரு நொடி போயிருந்தால் அவர் முகமே இருந்திருக்காது. முதலில் பாட்டிலை இழுத்து மூடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "தொட்டியில பையன் பட்டாசு கொளுத்திட்டான்னுல்ல நெனச்சேன்! கோடு வரைக்கும் இருக்கணும்னு மட்டுந்தான மேடம் எங்கிட்ட சொன்னீங்க?"

தண்ணீர் ஆகாது, தண்ணீர் ஆகாது என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், அந்தப் பாட்டிலைத் தினமும் துடைத்து வைத்தவரிடம் மட்டும் சொல்லாமல்.