ஃப்ராவ் வெபரின் பனையும் இரண்டு கை கல்லுப்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஒரு பனையின் ஓலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் பிறந்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எங்கள் திருமங்கலம் ரோட்டில் தென்னையும் பனையும் லாரிப் புகையை அப்பிக்கொண்டு நிற்கும். மழை வந்தால் கழுவும், வராவிட்டால் அப்படியே நிற்கும். எவனும் அவற்றுக்கு முகம் துடைத்துவிட்டதில்லை. ஜெர்மனிக்கு வந்த எட்டாவது வருடத்தில் எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது.

பனை என்னுடையது இல்லை. கீழ்வீட்டு ஃப்ராவ் வெபருடையது, நம் வழக்கில் திருமதி வெபர். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நடக்கப் பழக்கும் 'ரீஹா' இல்லத்திலும் இருந்துவிட்டு வர ஆறு வாரம் ஆகும் என்றார். கெந்தியா என்ற வகையான அந்தப் பனையை அவர் கணவர் பணி ஓய்வு பெற்ற அன்று வாங்கி வந்தாராம். பத்தொன்பது வருடமாக வீட்டுக்குள்ளேயே வளர்ந்து என் தோளைத் தாண்டியிருந்தது. கணவர் போன பிறகு வீட்டில் துணை அதுதான் என்று அவரே சொன்னார். "நீங்கள் பனை தேசத்துக்காரர். நான் நிம்மதியாகப் போகலாம்" என்று என் வீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நானோ திருநகரில் நேர்நேராகத் தெருப் போட்ட குடியிருப்பில் வளர்ந்தவன். பனையோடு எனக்கிருந்த சகவாசம் நுங்கோடு சரி. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு தாளில் விவரமாக எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிறு, ஓலை துடைக்க வேண்டும். வியாழன், வெதுவெதுப்பான தண்ணீர் இருநூறு மில்லி. நேர் வெயில் கூடாது. இருநூறு மில்லி என்றால் ஒரு டம்ளர். ஒரு வாரத்துக்கு ஒரு டம்ளர்! எங்கள் வீட்டில் வாசலில் வந்து நிற்கிறவருக்கே சொம்பு நிறையக் கொடுப்போம். நாங்கள் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக் கிடந்தவர்கள்தான். ஆனாலும் அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது எல்லாமே பின்கட்டில் நின்ற ஒற்றைத் தென்னைக்குப் போகும். குழாயைத் திருகினால் நிற்காமல் கொட்டுகிற ஊரில், ஒரு மரத்துக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுவது எனக்கு ஈனமாகப் பட்டது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். அன்பாகத்தான் ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் ஓலை நுனிகள் கருகத் தொடங்கின. பயந்துபோய் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். தென்னை மாதிரி ஒரு பாம் மரம், பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்ளச் சொன்னது என்றேன்.

"குருத்து நல்லாருக்கா?"

"நல்லாருக்குப்பா. நுனிதான் கருகுது."

"உப்பு போட்டியா?"

"இல்லையே."

"பெறகு எப்பிடிடா இருக்கும்? கல்லுப்பு ரெண்டு கை அள்ளி வேரைச் சுத்திப் போட்டு, தண்ணிய நல்லா விடு."

ஆடி மாதம் அப்பா தென்னையைச் சுற்றி வட்டமாகக் குழி பறித்து வேப்பந்தழையும் சாம்பலும் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவுவார். உப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே சுற்றுவேன். அந்தத் தென்னை காய்த்துத் தள்ளியது கண்ணால் கண்டது. ஆகவே யோசிக்கவே இல்லை. ரயிலேறிப் போய் ஒரு தமிழ்க் கடையில் கல்லுப்பு வாங்கி வந்து, இரண்டு கைக்கு மூன்று கையாகவே போட்டேன்.

பத்து நாளில் ஒன்பது ஓலைகளில் ஆறு காய்ந்துபோயின. வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன்.

"என்னடா, பின்னால சோபா தெரியுது? வீட்டுக்குள்ளயா வச்சிருக்க?"

"ஆமாப்பா, தொட்டியில."

"தொட்டியிலயா? இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? போட்ட உப்பு எங்குட்டுப் போகும்?"

மரம் வீட்டுக்குள் நிற்கும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எப்போதிலிருந்து எனக்கு அது சாதாரணமாகப் போனது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

மறுநாள் அப்பா பஸ் ஏறி மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய், அங்கிருந்தவரிடம் ஃபோனைக் கொடுத்தார். அவர் நான் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இதுக்குப் போயி யாராச்சும் உப்பு போடுவாங்களா? இது ஏசி ஹால்ல வைக்கிற ஐட்டம்ணே. வாரத்துக்கு ஒருக்க ஒரு டம்ளர் தண்ணி, அம்புட்டுத்தேன். ஓலைய மட்டும் தொடச்சு விடுங்க. நம்ம ஊரு ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இந்த மாதிரிதான் குடுக்கிறேன்."

ஃப்ராவ் வெபரின் தாளை அவர் எங்கள் ஊர்த் தமிழில் படித்துக் காட்டுவது போலிருந்தது. ஜெர்மன்காரருக்குத் தெரிந்திருக்கிறது, மாட்டுத்தாவணிக்கும் தெரிந்திருக்கிறது. நடுவில் தெரியாதவன் நான் ஒருவன்தான். ஊரென்று எதை நினைத்துக்கொண்டு அத்தனை சொம்பு ஊற்றினேன் என்று புரியவில்லை. நர்சரிக்காரர் பிறகு சொன்னபடி குளியல் தொட்டியில் வைத்து வேரை அலசினேன். பாதி வேர் அழுகிச் சாக்கடை நாற்றம் அடித்தது. புது மண்ணில் வைத்தேன். மூன்று ஓலைகள் மிஞ்சின.

ஃப்ராவ் வெபர் ஊன்றுகோல்களோடு வந்தார். மிஞ்சிய ஓலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர், அப்பா, உப்பு எல்லாவற்றையும் சொன்னேன். "உப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்டார்: "உங்கள் நாட்டில் இப்படித்தான் வளர்ப்பார்களா?"

ஆமாம் என்றால் தப்பித்துவிடலாம். பழி ஊர்மேல் போகும். இல்லை என்றால் நான் எந்த ஊர்க்காரன் என்று கேட்பார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலுக்குள் வைத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். வழக்கமாகக் காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வார். படியேறும்போது வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா ஃபோன் செய்தார்.

"நர்சரியில நானும் ஒண்ணு வாங்கியாந்துட்டேன்டா. பாக்க நல்லாத்தேன் இருக்கு."

"எங்கப்பா வச்சிருக்கீங்க?"

"உன் ரூம்லதான். வெயில் ஆகாதுன்னான், சன்னலைச் சாத்திட்டேன். எடம் பத்தலை, கட்டிலைக் கழட்டி மாடிக்கு ஏத்தியாச்சு. நீ வந்தா ஹால்ல படுத்துக்கிற மாட்டியா?"

"படுத்துக்கிறேன்ப்பா."

ஃபோனை வைத்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். தொட்டி இருந்த இடத்தில் நான் ஊற்றிய தண்ணீர் தரையின் மரப்பலகையில் வட்டமாக ஊறிக் கறுத்திருந்தது. அங்கே என் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு பனை நிற்கிறது. இங்கே அந்தக் கறை வட்டத்துக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.