காத்து என்று சொல்லாத பிளம்பர்

கதவு திறப்பதற்குள் செருப்புகளை எண்ணிவிடுவார். அழைப்பு மணியிலிருந்து விரலை எடுப்பதற்கு முன்பே கண் கீழே போய்விடும். இது வீட்டு ஆண்பிள்ளையுடையது. இது வயதானவருடையது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, மூட்டு வலி போலும். இது சின்னப் பெண்ணுடையது. கதவைத் திறப்பவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் குழாயைப் பற்றியதாக இருக்காது.

"வீட்டுல எல்லாரும் இருக்காங்களா?"

ஒருவர் குறைந்தாலும் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். "வரட்டும். எனக்கு அவசரம் இல்ல" என்பார்.

ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு. வலது காதுக்குப் பின்னால், எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், காய்ப்புக் காய்த்திருக்கிறது. முழ நீளத் திருப்புளி ஒன்றின் பிடியை அங்கே வைத்து, நுனியைச் சுவரில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுவருக்குள் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே திணறுகிறது, எங்கே முட்டுகிறது எல்லாம் கேட்குமாம். மனைவி சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் அந்தக் காதில் விழாது என்பது வீட்டில் உள்ள புகார்.

சொட்டும் குழாய்க்கு ஆள் கிடைப்பது சுலபம். யாரும் இல்லாத மாடியில் நடமாட்டம், பூட்டிய குளியலறையில் முனகல், சுவருக்குள்ளிருந்து தட்டும் ஓசை என்றால்தான் இவரைத் தேடுகிறார்கள். நேரடியாகச் சொல்லவும் மாட்டார்கள். "சின்ன லீக்கேஜ்தான்" என்று போனில் கூப்பிட்டு, வந்ததும் கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்துவார்கள். தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிப் பேச எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பையின் பக்கவாட்டில் ஒரு மிட்டாய் டப்பா இருக்கிறது. திறந்து காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார். நைந்துபோன ரப்பர் வாஷர் ஒன்று: "இது அழுற பேய். ஒரு குடும்பமே ரெண்டு வருஷம் தூங்கல." ஒரு கோலிக்குண்டு: "இது மாடியில உருள்ற பேய். மழைத்தண்ணி போற குழாய்க்குள்ள கிடந்துச்சு." துருப்பிடித்த திருகாணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்ப்பார். "இது ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்ட பேய். யார் பேரைன்னு மட்டும் அந்த வீட்டுல கடைசி வரைக்கும் சொல்லல."

"அப்போ பேயே இல்லைங்கறீங்களா?" என்று கேட்டால் மட்டும் டப்பாவை மூடிவிடுவார்.

"நான் போன வீட்டுல இல்ல. போகாத வீடு எத்தனையோ இருக்கே."

குழாய்ச் சாமான் கடையில் அவருக்கு 'ஏர்க்காரர்' என்று பெயர். குழாய்க்குள் அடைபட்டிருக்கும் காற்றை அவர் 'ஏர்' என்று மட்டுமே சொல்வார். ஒரு தடவை காது மந்தமான பெரியவர் ஒருவர், "என்னது, ஏரா? மூணாவது மாடிக்கு மாட்டை எப்படிய்யா ஏத்தினாங்க?" என்று பதறினாராம். அந்தக் கதையை இவரே வாய் சும்மா இருக்காமல் கடையில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைக்காரர், "ஏர்க்காரரே, இன்னைக்கு எந்த வீட்டுல உழவு?" என்றுதான் வரவேற்கிறார்.

"சும்மா காத்துன்னு சொல்லிட்டுப் போங்களேன், வாயா வலிக்குது?" என்று அதே கடைக்காரர் ஒருநாள் கேட்டார். வாங்க வந்ததைக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார் மனிதர்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வீடு இருக்கிறது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால். அப்போது அவர் சாதாரண பிளம்பர். அந்த வீட்டில் சுவருக்குள்ளிருந்து யாரோ மூச்சுத் திணறுவது போலச் சத்தம். தண்ணீருக்குப் புது மோட்டார் போட்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார்: "காத்துதாம்மா. புதுசா வந்திருக்குல்ல, அதனாலதான் உள்ள புகுந்திருக்கு. பயப்படாதீங்க, நாளைக்கு வந்து எடுத்துவிடறேன்."

அவர் மோட்டாரைச் சொன்னார்; அவர்கள் காதில் விழுந்தது காத்து கருப்பு. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது மோட்டார் மட்டும் இல்லை. அதே மாதம் ஒரு மருமகளும் வந்திருந்தாள்.

மறுநாள் போனபோது, முந்தின நாள் வாசலில் கிடந்த சிவப்பு வார் வைத்த செருப்பு இல்லை. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றினார். சத்தம் நின்றது. வீட்டுக்காரம்மா வாயெல்லாம் பல்லாக, "நீ சொன்னது அப்படியே பலிச்சுதுப்பா. நேத்து சாயங்காலமே அவளை அனுப்பிட்டோம். பார், நின்னுடுச்சு" என்றார்.

படியிறங்கி, தெருமுனை வரை போனபிறகுதான் அந்த வாக்கியம் அவருக்கு உறைத்தது. திரும்பி ஓடினார். "அம்மா, நான் சொன்னது குழாய்க் காத்து. இந்தக் காத்து, நாம மூச்சு விடற காத்து" என்று வாயால் ஊதிக்கூடக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். "எந்தக் காத்தா இருந்தா என்னப்பா? அவ போனா, அது நின்னுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அந்தப் பெண்ணின் ஊர் எது என்று சொல்லவும் மறுத்துவிட்டார்கள்.

"நிறுத்தத் தெரிஞ்ச எனக்கு, திரும்ப வர வைக்கத் தெரியல" என்று இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கிறார். "நிறுத்துறது யாருக்கும் வரும். தானாவே கூட நிக்கும். எல்லாரையும் முன்னால நிக்க வச்சு, வா-ன்னா சத்தம் வரணும், போ-ன்னா போகணும். அதுதான் சாட்சி."

பேய்க்குப் பாடம் எடுப்பவரின் சொந்த வீட்டில் அடுப்படிக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டுகிறது. "ஊர்ப் பேயெல்லாம் ஓட்டற மகராசா, இதை எப்ப ஓட்டப் போறீங்க?" என்பார் மனைவி. "அது நம்ம சொந்தப் பேய். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்று வாளியை நகர்த்தி வைப்பார் இவர்.

போன மாதம் ஒரு முற்பகலில் ஒரு வீடு. இரண்டாவது மாடி. வாசலில் மூன்று ஜோடி செருப்புகள்; நீல வார் வைத்த ஜோடியில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கதவைத் திறந்த மகன் லீக்கேஜ் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை.

"எல்லாரும் இருக்கோம். நாலு மணி ரயில்ல என் சம்சாரத்தைக் கொண்டுபோய் அவங்க அம்மா வீட்டுல விடச் சொல்றாங்க எங்கம்மா. அதுக்குள்ள பார்த்துச் சொல்லுங்க."

கூடத்தின் நடுவில் பெட்டி நின்றது. பூட்டுப் போட்டிருந்தது. மருமகள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள், இருபத்திநாலு வயது இருக்கலாம். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நாற்பது பக்க நோட்டு.

"நான் ஒண்ணும் அறியாதவ இல்ல" என்று தொடங்கினார் அவர். "முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தினவ. எதையும் பார்த்து, எழுதி வச்சுத்தான் பேசுவேன். பத்தொன்பது தடவை சத்தம் வந்திருக்கு. பத்தொன்பது தடவையும் இவ அடுப்படியில இருந்திருக்கா. நான் அங்கே இருக்கும்போது ஒரு தடவைகூட வந்ததில்ல. இவ இந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னால சத்தமே கிடையாது. வாசிச்சுப் பாருங்க."

பிளம்பர் வாசித்தார். தேதி, நேரம், யார் எங்கே இருந்தார்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. விரலை வைத்து வரி வரியாகப் போனார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க எழுதினதுல ஒண்ணுகூடத் தப்பில்லம்மா."

மருமகள் பெட்டியைப் பார்த்தாள். மகன் வாட்சைப் பார்த்தான்.

"சத்தம் எந்தப் பக்கம் வரும்?"

"என் அறையில, கட்டில் பக்கத்துச் சுவத்துல." மாமியாரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "என் வீட்டுக்காரர் கடைசி ஒன்பது மாசம் அந்தக் கட்டில்லதான் கிடந்தார். பேச்சு வராது. என்னைக் கூப்பிடணும்னா சுவத்துல மூணு தட்டுத் தட்டுவார். அதே மூணு. அவருக்கு இவளைப் பிடிக்கல, வேற என்ன?"

பிளம்பர் அடுப்படிச் சுவரில் திருப்புளியை ஊன்றிக் காதில் வைத்தார். "எப்பவும் போல வேலையைப் பாரும்மா" என்றார் மருமகளிடம். அவள் ஒரு தட்டைக் கழுவினாள். புறங்கையால் கைப்பிடியைத் தட்டி, சட்டென்று குழாயை மூடினாள்.

டொக். டொக். டொக்.

மாமியார் கண்களை மூடிக்கொண்டார்.

"இப்ப நீங்க ஒரு டம்ளரைக் கழுவுங்கம்மா." மாமியார் எழுந்து போனார். கழுவினார். இரண்டு விரல்களால், பூவைத் தொடுவது போல, கைப்பிடியை மெல்லத் திருப்பி மூடினார். சுவர் வாய் திறக்கவில்லை. "பார்த்தீங்கல்ல?" என்றார்.

"மணிக்கட்டு வலியாம்மா?"

"ஏழு வருஷமா."

"தம்பி அடுப்படிக்கு வர்றது உண்டா?"

"அவனா? தண்ணிகூட இங்கிருந்து வாங்கித்தான் குடிப்பான்."

பிளம்பர் மாமியாரின் அறைக்குப் போய் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார். "வலி பார்க்காம, ஒரே ஒரு தடவை கோவமா மூடுங்க."

"கோவமா? யார் மேல?"

"யார் மேல வேணும்னாலும்."

மாமியார் மருமகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கட்டில் கிடக்கும் அறைப் பக்கமாக ஒரு கணம் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

டொக். டொக். டொக்.

"அம்மா..." என்றான் மகன்.

"சும்மா இருடா." திறந்தார், அடித்தார். டொக், டொக், டொக். இன்னொரு முறை. அதே மூன்று.

வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போதுதான் மருமகள் வாய் திறந்தாள். "அத்தை, மாமாவுக்கு உங்களையும் பிடிக்கல போலிருக்கு."

மாமியார் மெல்லத் திரும்பினார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் துடித்ததை அடக்கிக்கொண்டார்.

"வாய்க்கொழுப்பு. போய்ப் பெட்டியை உள்ள வை."

பிறகு பிளம்பரிடம், "சுவத்துக்குள்ள காத்து இருக்கா?" என்று கேட்டார். அறிவியல் டீச்சராகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லம்மா!" என்றார் கொஞ்சம் உரக்கவே. "தண்ணி. வெறும் தண்ணி. ஓடற பஸ்ல சட்டுனு பிரேக் போட்டா நாம முன்னால போய் முட்டறோம்ல, அதுதான். கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா? உங்க அறையில சுவத்தை ஒட்டி ஓடற குழாயைப் பிடிச்சிட்டு இருந்த கிளாம்பைக் கழட்டிட்டு, திரும்ப மாட்டாமப் போயிருக்காங்க. வேகமா மூடினா குழாய் ஆடிப்போய்ச் சுவத்துல இடிக்குது. மெதுவா மூடினா ஆடாது. உங்க நோட்டு சரி. கை யாரோடதுன்னு எழுதினீங்க, எப்படி மூடினாங்கன்னு எழுதல."

மாமியார் தன் அறைக்குப் போனார். அலமாரிக்குப் பின்னால் ஓடிய குழாயைப் பார்த்தார். கிளாம்ப் இருந்த ஓட்டைகளைப் பெயிண்ட் மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"அப்போ அவர் இல்லையா?"

துளை போடும் கருவியை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அவரைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. இந்தச் சத்தம் அவர் இல்ல. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

மாமியார் தலையாட்டினார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னும் ஒரு தடவை மூடு. உன் மாதிரி" என்று குரல் கொடுத்தார். மூன்று தட்டும் விழுந்து அடங்கும் வரை சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி. மாட்டுங்க."

மூன்று கிளாம்ப். முக்கால் மணி நேரம். வேலை முடிந்ததும் மருமகள் பத்து தடவை குழாயைத் தட்டி மூடினாள். தண்ணீர் நின்றது, சுவர் பேசவில்லை. டப்பாவில் போட்டுக்கொள்ள இந்த வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தது ஓட்டை மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையில் கடைக்காரர் வழக்கம்போல, "எந்த வீட்டுல உழவு?" என்றார். "கிளாம்ப் பிடிச்சிருக்கான்னு ஒரு வீட்டுல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பை கடையிலேயே இருந்தது.

இரண்டு மாடியும் மூச்சு வாங்க ஏறினார். அழைப்பு மணியை அழுத்தவில்லை. உள்ளே யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கிற சத்தமும் வந்தது. வாசலில் மூன்று ஜோடி. நீல வார்ச் செருப்பில் ஒன்று அன்றைக்குப் போலவே கவிழ்ந்து கிடந்தது. கால் கட்டைவிரலால் அதை நிமிர்த்தி, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டுப் படியிறங்கினார்.