என் மனைவி வாங்கிய சிவப்புக் கார்

அந்தக் காரை வாங்கியே ஆகவேண்டும் என்று நின்றது நானில்லை, என் மனைவி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். கந்தளாயில் வேலை பார்த்த ஒரு சிங்கள எஞ்சினியர் தன் ஊருக்கே திரும்பிப் போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு அலுமாரி பார்க்கத்தான் போனோம். கொட்டகைக்குள் சாக்குப் போட்டு மூடியிருந்த காரைக் கண்டதும் அவள் அலுமாரியை மறந்துவிட்டாள்.

இரண்டு பக்கக் கதவும், மேலே தூக்கித் திறக்கும் பின்கதவும் கொண்ட சின்ன ஜப்பான் கார். சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அப்போதே பழசு. ஆனால் எஞ்சின் வேகத்துக்கென்றே செய்தது. அதை என்னிடம் சொன்னவளும் அவள்தான். துறைமுகத்தடியில் கராஜ் வைத்திருந்தவரின் மகள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாலும், வீதியில் நல்ல எஞ்சின் ஒன்று போனால் தலை தானாகத் திரும்பும்.

“மிஸ், இத மெள்ள மெள்ள ஓட்ட வேணாம். பிளக் எல்லாம் கறுப்பாகும்,” என்றார் எஞ்சினியர், தனக்குத் தெரிந்த தமிழில்.

“எங்கட ஊரில வேற எப்பிடி ஓட்டுறது?” என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரித்தாலும் அது உண்மை. எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதற்குள் வீதியில் உருட்டிவிட்ட தார்ப் பீப்பாய்கள், மண்மூட்டைக் காவலரண்கள். இரண்டாம் கியரைத் தாண்ட ஏலாது. கார் இருமும், விக்கும். அவள் வீட்டுக்குப் பின்னால் குசினிப் படியில் குந்தியிருந்து, பிளக்குகளைக் கழற்றிக் கரி போகக் கம்பித்தூரிகையால் உரசுவாள். உப்புக்காற்று தின்றுவிடும் என்று கிணற்றுத் தண்ணீர் அள்ளி அடிப்பாகம் முழுவதையும் கழுவுவாள். நான் சீனன்குடாவில் ஒரு அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வந்த ஆள். வாளி தூக்குவது என் வேலை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாதை திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தளாய் வீதியால் போவோம். காடு இரண்டு பக்கமும் ஒதுங்கி, வீதி நேராகக் கிடக்கும் ஒரு துண்டு அங்கே உண்டு. அதில் அவள் அக்சிலரேற்றரை அமத்துவாள். கார் ஒரே மூச்சாக இழுக்கும், என் முதுகு இருக்கையோடு ஒட்டும். உதட்டை இறுக்கிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். தூரத்தில் அடுத்த காவலரண் தெரிந்ததும் காலை எடுத்துவிடுவாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் அவ்வளவு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போவோம்.

ஒருமுறை சோதித்த ஆமிப் பெடியன் ஒருவன், “இது ரேஸ் காரா?” என்று கேட்டான்.

“ஓம். ஏறுங்கோவன், காட்டுறன்,” என்றாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பிறகு அவளுடைய மார்பில் கட்டி வந்தது. வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. முதல் பயணங்களில் அவளே ஓட்டினாள். பிறகு நான். ஒவ்வொரு சோதனைத் தடையிலும் எல்லோரும் இறங்கி நடந்து அடுத்த பக்கம் போய் ஏறவேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்ப அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். வான் ஒன்று பிடிப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

இனி வரத் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன நாளுக்கு அடுத்த நாள் திரும்பிக்கொண்டிருந்தோம். கந்தளாயைத் தாண்டியதும் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, அந்த நேர் ரோட்டில ஒருக்கா அமத்துங்கோ. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாள்.”

“உமக்கு நோகாதோ?”

“நொந்தா நோகட்டும்.”

அந்த இடத்துக்குக் கிட்டப் போகும்போது ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். படை வாகனங்கள் வரப்போகின்றன என்று ஓரம் கட்டச் சொன்னான். லொறிகளும் கம்பிவலை அடித்த பஸ்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “உந்த லொறிக்கு ஒரு சிலிண்டர் வேலை செய்யேல்லை,” என்றாள். கொஞ்சம் கழித்து, “உதுக்குக் கியர்பெட்டி பழுது.” பிறகு தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டாள்.

கடைசி வாகனம் போய், எங்களைப் போகச் சொன்னபோது அவள் நித்திரையாகிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பல நாட்களாக நோவால் அவளுக்கு நித்திரையே இல்லை. முன்னால் வளைவுவரைக்கும் அந்த நேர் வீதி வெறுமையாகக் கிடந்தது. நான் மெள்ளக் கியரைப் போட்டு, பள்ளங்களை விலத்தி, வீடு வரும்வரை அவளை எழுப்பாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மாரி தொடங்குமுன் அவள் போய்விட்டாள்.

கார் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. கிழமைக்கு ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி வைத்தேன். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. அந்தச் சத்தம் கேட்டால், அவள் பிளக் உரசும் குசினிப் படியைப் பார்த்துவிடுவேன்.

அடுத்த வருடம் அதை வாங்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் இந்த வகைக் கார்களில் பைத்தியம் பிடித்தவர். பொனற்றைத் திறந்து குனிந்தவர் கனநேரம் நிமிரவில்லை.

“ஆர் இதைப் பாத்துக்கொண்டது? கராஜ்காரன்ர வேலை மாதிரி இல்லை.”

“என்ர மனிசி.”

“உண்மையாவோ!” என்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. “அவவோட ஒருக்காக் கதைக்கலாமோ? இவ்வளவு வடிவா வச்சிருக்கிறா. கேக்கக் கன விசயம் இருக்கு.”

அவள் போய்ச் சேர்ந்துவிட்டதை அந்த வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகியிருந்தேன். மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்தேன்.

“வெளியில போயிருக்கிறா,” என்றேன்.

“நிண்டு பாக்கட்டோ, வரச் சுணங்குமோ?”

“ஓம், சுணங்கும்.”

“சரி, நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ,” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, கார் வெளியே போகப் படலையைத் திறந்துவிடப் போனேன்.