வெள்ளி ஒயர்

செல்போன் கடைக்காரர் இரண்டு போன்களில் ஒரே பாட்டை மாற்றி மாற்றி ஓடவிட்டு, "எதுல சவுண்டு நல்லா இருக்குது மேடம்?" என்று கேட்டால் நான் காதே கொடுப்பதில்லை. எது விலை குறைவோ அதைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். பத்து வயதுக்குள் நான் கேட்டுச் சொன்ன வித்தியாசங்கள் ஓர் ஆயுளுக்குப் போதும்.

என் சித்தப்பா கிடார் வாசிப்பவர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு. ஒன்றில் அப்பா உட்காருவார், இன்னொன்றில் சித்தப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். முகூர்த்த நாள் வந்தால் மெல்லிசைக் குழுவோடு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விடுவார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கிடாரின் ஓசையைச் சரிசெய்துகொண்டிருப்பார். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் எங்கள் வீட்டில் இப்படித்தான் கழிந்தன.

அவர் வாசித்ததைக் குறை சொல்ல முடியாது. வாசிப்பதற்கு முன்னால் செய்ததுதான் தாங்காது. கம்பியை மீட்டும் வில்லையைப் பழைய டெலிபோன் கார்டில் ஒன்று, ஷாம்பு பாட்டிலில் ஒன்று, சோப்பு டப்பாவில் ஒன்று என்று வெட்டி வைத்திருப்பார். கம்பி மங்கிவிட்டது என்று, சித்தி ரசம் வைக்கிற பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார். ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் இருந்த நாலு திருகில் ஒன்றை அரைச் சுற்று தளர்த்தினால் ஓசை அகலமாகிறது என்பார். ஈரக்காற்று அடித்தால் கம்பி ஊமையாகிறது என்று அவர் சொன்னதை மட்டும் அப்பா ஒத்துக்கொண்டார். ஈரத்தில் தறியில் பாவு நூலும் தொய்ந்துவிடும் அல்லவா.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தறி நிற்க வேண்டும். "ரெண்டே நிமிஷம்ணா" என்பார். அப்பா பெருமூச்சோடு மிதியிலிருந்து காலை எடுப்பார். பிறகு நான் அழைக்கப்படுவேன். சின்னப் பிள்ளைகளின் காதுதான் சுத்தமான காது என்பது சித்தப்பாவின் கொள்கை. முதலில் ஒன்று வாசிப்பார், திருகைத் தொட்டுவிட்டு மறுபடி அதையே வாசிப்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "ரெண்டாவதுதான் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவேன். இரண்டாவது என்றால் சீக்கிரம் விடுதலை என்பதைக் கண்டுபிடித்திருந்தேன்.

சித்திக்கு அந்தத் தந்திரம் வராது.

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியலைங்க."

"நல்லாக் கேளு."

"நல்லாத்தான் கேட்டுக்கினு இருக்கேன். ரெண்டும் ஒன்னாத்தான் இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

அதற்கப்புறம் அரைமணி நேரம் சண்டை நடக்கும். சண்டையின் முடிவில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்.

அந்த வருடம் சென்னையில் யாரோ ஒரு பெரிய வாசிப்புக்காரர், கிடாரிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயர் வெள்ளியாக இருந்தால் ஓசை சிந்தாமல் சிதறாமல் போகும் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். வேறு ஊர்க்காரராக இருந்தால் கடையில் வெள்ளி வாங்கியிருப்பார். சித்தப்பா நெசவுக்காரர். கடை வெள்ளியில் கலப்படம் இருக்கிறது, பழைய ஜரிகையில் இருக்கிற வெள்ளிதான் வெள்ளி என்று முடிவு செய்தார். "அது ஒருதரம் முடி கனத்துக்கு இழுபட்டுப் பழகின வெள்ளிம்மா. வளைஞ்சு கொடுக்கும்" என்று எனக்கு விளக்கினார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவது எங்கள் ஊரில் வழக்கம். எரித்தால் பட்டு சாம்பலாகும், ஜரிகை வெள்ளி மிஞ்சும். ஆனால் நெய்கிற வீட்டில் பட்டு எங்கே தங்கும்? எங்கள் வீட்டில் இருந்த ஒரே பழைய பட்டு சித்தியின் கல்யாணப் புடவை. அரக்கு உடம்பு, மயில்கழுத்துக் கரை. கூலி வேலையெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய நேரத்தில், ஏழு மாதம் உட்கார்ந்து, சித்தியின் அப்பா தன் மகளுக்கென்று நெய்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை. மடிப்புகளில் இற்றுப்போய், கட்ட முடியாமல், தகரப் பெட்டியில் இருந்தது. சித்தி வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி வைப்பாள்.

"சும்மா பெட்டியிலதானே கிடக்குது" என்றார் சித்தப்பா. சித்தி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஒரு வாரமும் அவர் கிடாரைத் தொடவில்லை, தறியையும் தொடவில்லை. எட்டாம் நாள் காலையில் சித்தி புடவையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதோட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்பால ஒன்னும் கேக்கமாட்டீங்களே?"

"சத்தியமா."

கரையையும் முந்தானையையும் வெட்டியெடுத்துக் கொல்லையில் இரும்புச் சட்டியில் போட்டு எரித்தார். தலைமுடி கருகுகிற நாற்றம் அடித்தது. நான் வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போனேன். சித்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "முந்தி எரிஞ்சிடுச்சா?" என்று நிமிராமலே கேட்டாள். "எல்லாமே எரிஞ்சிடுச்சு சித்தி" என்றேன்.

நகை செய்யும் பத்தர் அந்த வெள்ளியை உருக்கி, மெல்லிசாகக் கம்பி இழுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைப் பழைய ஒயரைப் போலவே கறுப்பு உறைக்குள் செலுத்தி, இரண்டு முனையிலும் பற்றவைத்து, பிஸ்கட் டப்பாவில் சுருட்டி, சுவர்ப் பலகையில் வைத்தார். பழைய ஒயருக்கும் அதே மாதிரி டப்பாதான். அடையாளத்துக்கு என் நோட்டுப் புத்தக லேபிள் ஒன்றை வாங்கி, 'வெள்ளி' என்று எழுதி மூடியில் ஒட்டினார். வீட்டில் வாசித்துப் பார்க்கவில்லை. முதல் தடவை சபையில்தான் என்றுவிட்டார்.

சபை என்பது செவிலிமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். என்னையும் கூட்டிப்போனார். சித்தி எனக்குத் தலைபின்னிவிட்டுக்கொண்டே, "நல்லாக் கேட்டுக்கினு வந்து சொல்லு, இன்னா?" என்றாள். ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. டப்பா எங்கே என்று சித்தப்பா கத்த, நான் பலகையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் கண்ணை மூடி வாசித்தார். நடுவில் ஒரு நீண்ட இழுப்பை முடித்துவிட்டு, மேடை ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்தார் பாருங்கள், அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திரும்பும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "கேட்டியாம்மா? வெள்ளி பேசுச்சு பார்த்தியா?" என்றார். பேசியது என்றேன். வீட்டுக்கு வந்து சித்தியிடமும் அதையே சொன்னேன். "மெய்யாலுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை டப்பாவைத் திருப்பி வைக்கப் போனேன். பலகையில் 'வெள்ளி' என்ற லேபிளோடு ஒரு டப்பா இருந்தது. என் கையில் இருந்ததில் லேபிளே இல்லை.

முதலில் பயம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சித்தி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தானே ஒரு வித்தியாசமும் தெரியாது, சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பில் பேச்சு வரவில்லை.

ராட்டை நின்றது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சித்தி."

"சொல்லாத."

எழுந்து வந்து என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு, பலகையிலிருந்த இன்னொன்றையும் இறக்கினாள். லேபிளை நகத்தால் மெல்லப் பெயர்த்து, சோற்றுப் பருக்கை வைத்து, பழைய ஒயர் இருந்த டப்பாவில் ஒட்டினாள். வெள்ளி ஒயரை எடுத்துத் தகரப் பெட்டியில், புடவை இருந்த இடத்தில் வைத்து மூடினாள். எனக்குத் திட்டு விழாமல் இருக்கத்தான் இவ்வளவும் செய்கிறாள் என்று நினைத்து, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் கை என் தலையில் சும்மா கிடந்தது.

சாயங்காலம் தறிகள் நின்றன. சித்தப்பா லேபிள் ஒட்டிய டப்பாவைத் திறந்து, ஒயரை மாட்டி, நேற்று மண்டபத்தில் வாசித்ததை வாசித்தார். பழைய ஒயர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. வாசித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "வித்தியாசம் தெரியுதா?" என்றார்.

"தெரியுது" என்றாள் சித்தி.

அவ்வளவுதான். சண்டை வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் வரவில்லை. சத்தியத்தை மறந்து அவர் வேறு திருகு, வேறு கம்பி என்று ஆரம்பித்தபோதும், கேட்டு முடிப்பதற்குள் அவள் "தெரியுது" என்றுவிடுவாள். கை வேலை நிற்காது. என்னிடம் வித்தியாசம் கேட்பதை அவர் விட்டுவிட்டார், அப்பாவின் தறியும் சீக்கிரமே மறுபடி ஓடியது. கடைசியில் சித்திக்கும் காது வந்துவிட்டது என்று தெருப்பிள்ளைகளிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.